வயலில் திருவுளச் சீட்டுப் போட்ட மேதை

நாஞ்சில் நாட்டில் ஆண்டுக்கு இரண்டு பூ. கோடையில் தொடங்குவது கன்னிப்பூ. ஐப்பசி மழையோடு வளர்ந்து தை, மாசியில் அறுவடைக்கு வருவது கும்பப்பூ. ஒவ்வொரு பூவிலும் பொலி அளக்கும் நேரத்தில் களத்தில் ஒரு பேச்சு எழாமல் இராது. எந்த நெல் நன்றாகக் கண்டது என்பதே அந்தப் பேச்சு.

ஒருவருடைய வயலில் அம்பை 16 அள்ளிக் கொடுத்திருக்கும். வரப்புக்கு அப்பால் இன்னொருவருக்குத் திருப்பதிசாரத்து ரகம் அதை மிஞ்சியிருக்கும். முதல்வரின் வயல் தலைமடையில் இருக்கலாம். மற்றவரின் வயல் கடைமடையில் இருக்கலாம். ஒருவர் தொழு உரம் தாராளமாகப் போட்டிருப்பார். மற்றவருக்குத் தண்ணீர் ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கும். இத்தனைக்கும் நடுவே விளைச்சலைக் கூட்டியது நெல்லா, நிலமா, நீரா? கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால், தவறான பதிலை நம்பி விதை மாற்றுகிறவன் ஒரு பூவின் உழைப்பையே இழக்கிறான்.

இந்தப் பழைய வழக்குக்கு நியாயமான தீர்ப்புச் சொல்லும் வழியை உலகுக்குக் கற்றுத் தந்தவர் சர் ரொனால்ட் பிஷர். ஏர் பிடித்து உழுத பரம்பரையில் பிறந்தவர் அல்லர் அவர். ஏலக்காரர் ஒருவரின் மகன்.

காகிதம் இல்லாத கணக்கு

1890-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் தேதி லண்டன் நகரின் வடபுறத்தில் பிஷர் பிறந்தார். தந்தை கலைப் பொருள்களை ஏலம் விடும் வியாபாரி; செல்வம் செழித்த குடும்பம். குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போது, பாதியில் பாதி எவ்வளவு என்று தாதியிடம் கேட்டதாம். கால் என்று விடை வந்ததும், அதில் பாதி, அதிலும் பாதி என்று கேட்டுக்கொண்டே போயிற்றாம். பதினாறில் ஒரு பங்கு வரை தாதி சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லக் காத்திராமல், அப்படியானால் அடுத்தது முப்பத்திரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று குழந்தையே மழலையில் முடித்துவிட்டது.

அறிவுக் கூர்மை இருந்த அளவுக்குக் கண் பார்வை இல்லை. மின்சார விளக்கொளியில் படிக்கவே கூடாது என்று வைத்தியர்கள் தடுத்துவிட்டார்கள். ஹாரோ பள்ளியில் மாலை வேளைகளில் காகிதமும் பேனாவும் இன்றி, ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்லக் கணிதம் கற்றார். எழுதிப் பார்க்க வழியில்லாததால், கணக்குகளை மனத்துக்குள்ளேயே வடிவங்களாக வரைந்து பார்க்கும் பழக்கம் வந்தது. பிறர் பக்கம் பக்கமாக எழுதிக் காணும் விடையை அவர் ஒரே பார்வையில் கண்டுவிடுவார். எப்படிக் கண்டார் என்பதை விளக்குவதுதான் அவருக்குக் கடினம்.

பதினான்காம் வயதில் தாயை இழந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் தந்தையின் வியாபாரமும் நொடித்தது. உபகாரச் சம்பளத்தின் துணையால் 1909-ல் கேம்பிரிட்ஜ் சென்று 1912-ல் கணிதப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர் மூண்டபோது ராணுவத்தில் சேர முயன்றார். கண் பார்வையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தார். அதில் மனம் ஒட்டவில்லை. 1917-ல் ரூத் ஐலீன் என்ற இளம் பெண்ணை மணந்து, சிறு பண்ணை ஒன்றில் சொந்த உழைப்பில் உணவு விளைவித்து வாழ்ந்து பார்த்தார். மண் ஒரே சீராக இராது என்பதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையால் அறிந்தவர் அவர்.

பழைய ஏடுகளின் நடுவே

1919-ல் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, அக்காலத்தில் புள்ளி விவர விஞ்ஞானத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய கார்ல் பியர்சனிடமிருந்து வந்தது. மற்றொன்று, ரோதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஜான் ரஸ்ஸலிடமிருந்து வந்தது. பெரியவரின் நிழலில் ஒதுங்க பிஷர் விரும்பவில்லை, வயல்வெளியைத் தேர்ந்தெடுத்தார்.

ரோதாம்ஸ்டெட் நிலையம் 1843-ல் தொடங்கியது. அங்கே பிராட்பால்க் என்ற வயலில் ஆண்டு தவறாமல் கோதுமை விளைவித்து, எந்த உரத்துக்கு எவ்வளவு விளைந்தது என்று ஏடு ஏடாகக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலில் பொருள் ஏதும் உண்டா என்று பார்ப்பதே பிஷருக்கு இட்ட வேலை. கைப்பிடியைச் சுற்றி இயக்கும் ஒரு கணக்கு இயந்திரத்தைத் துணையாகக் கொண்டு அவர் உட்கார்ந்தார்.

உரத்தால் வந்த மாறுதல், மழையால் வந்த மாறுதல், மண் மெல்ல மெல்ல வளம் குன்றியதால் வந்த மாறுதல் என்று விளைச்சலின் ஏற்றத் தாழ்வை அவர் பிரித்து எடுத்தார். இவற்றில் எதிலும் அடங்காத ஒரு நீண்ட ஏற்ற இறக்கமும் தென்பட்டது. அதற்குக் களையே காரணம் என்று ஊகித்தார். கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பிறகு, களை பறித்துக்கொண்டிருந்த சிறுவர்கள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டினார். கணக்கு நிபுணர் ஒருவர் வயலின் கதையை இப்படிப் படித்துக் காட்டியது ரஸ்ஸலை வியக்க வைத்தது.

ஆயினும் பிஷருக்குத் திருப்தி இல்லை. சோதனையைத் தாறுமாறாக நடத்திவிட்டுப் பிறகு கணக்காளரைக் கூப்பிடுவது, நோயாளி இறந்த பின் வைத்தியரை அழைப்பதைப் போன்றது என்று அவருக்குப் பட்டது. விதைப்பதற்கு முன்பே வயலை எப்படிப் பிரிப்பது என்று திட்டமிட வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

நிலத்தின் ஓரவஞ்சனை

அவர் கண்ட முறையை நம் வயலில் வைத்தே பார்க்கலாம். தலைமடையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று என மூன்று வயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ரகத்தைத் தலைமடையிலும் இரண்டாவதைக் கடைமடையிலும் நட்டால், ஒன்றில் 50 மரக்கால், மற்றதில் 27 மரக்கால் கிடைக்கலாம். முதல் ரகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஊர் பேசும். அது பொய்.

இப்போது ஒவ்வொரு வயலையும் இரு சம பாதியாக்கி, இரண்டு ரகத்தையும் மூன்று இடத்திலும் நட்டுப் பார்ப்போம். தலைமடையில் 50, 46. நடுவில் 42, 38. கடைமடையில் 30, 27 என்று வருகிறது. மூன்று இடத்திலும் முதல் ரகம்தான் கூடுதல். ஆனால், கூடுதல் முறையே 4, 4, 3 மரக்கால்தான். மீதி வேற்றுமையெல்லாம் நிலத்தின் ஓரவஞ்சனை.

இன்னொரு விதமாகவும் நேரலாம். தலைமடையில் முதல் ரகம் 12 கூடுதல், நடுவில் 8 குறைவு, கடைமடையில் 7 கூடுதல் என்று வரலாம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் அதே 11 மரக்கால், சராசரியும் அதேதான். முதல் கணக்கை நம்பி விதை வாங்கலாம். இரண்டாவதை நம்பி வாங்குகிறவன் சூதாடுகிறான். இந்த வேறுபாட்டைச் சராசரி காட்டிக் கொடுக்காது.

பிஷர் செய்தது இதுதான். விளைச்சலில் உள்ள மொத்த ஏற்றத் தாழ்வையும் நிலத்தின் பங்கு, ரகத்தின் பங்கு, இரண்டிலும் சேராமல் எஞ்சிய மிச்சம் என்று மூன்று கூறாக்கினார். ரகத்தின் பங்கு அந்த மிச்சத்தைக் காட்டிலும் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான் ரகம் உயர்ந்தது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு விவசாயச் சோதனையில் இந்த முறையை அவர் கையாண்ட முதல் கட்டுரை 1923-ல் வெளிவந்தது.

சீட்டுக் குலுக்கும் விஞ்ஞானம்

அடுத்தபடி, எந்தப் பாதியில் எந்த ரகத்தை நடுவது? ஆராய்ச்சிக்காரரே தேர்ந்தெடுத்தால், தமக்குப் பிடித்த ரகத்துக்குத் தெரிந்தோ தெரியாமலோ நல்ல பாதியைக் கொடுத்துவிடுவார். இதற்கு பிஷர் சொன்ன வழி அன்றைய விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைத்தது. சீட்டுப் போடுங்கள் என்றார் அவர்.

தமிழருக்கு இது புதுமை அன்று. பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பிகள் திருவுளச் சீட்டுப் போடுவது வழக்கம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்த முறையை விவரிக்கிறது. சீட்டுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை. பிஷர் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். சீட்டின் முடிவு எத்தனை முறைக்கு ஒரு முறை தற்செயலாக ஏமாற்றும் என்பதைக் கணக்கிட முடியும் என்று காட்டினார். தவறே நேராது என்று அவர் வாக்களிக்கவில்லை. தவறு நேரும் அளவை முன்கூட்டிச் சொல்ல வழி செய்தார்.

ரோதாம்ஸ்டெட்டில் நடந்த ஒரு தேநீர்ச் சம்பவம் இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணமாகிவிட்டது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதை ருசி பார்த்தே சொல்லிவிட முடியும் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி. பிஷர் பின்னர் தமது நூலில் இதை ஒரு கணக்காக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், சீட்டுப் போட்ட வரிசையில் நீட்ட வேண்டும். வெறும் குருட்டு ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்லிவிட 70-ல் ஒரு வாய்ப்பே உண்டு. கோப்பையின் இடத்தில் பாத்தியை வைத்தால் அதுவே வயல் சோதனை.

1925-ல் ஆராய்ச்சியாளர்களுக்கான புள்ளி விவர முறைகள் பற்றியும், 1935-ல் சோதனைகளைத் திட்டமிடுவது பற்றியும் அவர் எழுதிய இரு நூல்கள் உலகெங்கும் பரவின. ஐந்து ரகங்களை இருபத்தைந்து பாத்திகளில் நடும்போது, எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரு ரகம் ஒரு முறைக்கு மேல் வராமல் அமைக்கும் லத்தீன் சதுரம் அவர் புகழ் பெறச் செய்த திட்டங்களுள் ஒன்று. வயலின் வளம் வடக்கு தெற்காக மாறினாலும் கிழக்கு மேற்காக மாறினாலும் அந்தச் சதுரம் எந்த ரகத்துக்கும் ஓரவஞ்சனை செய்யாது.

கூட்டலா, பெருக்கலா?

ரகங்களின் விளைச்சலை எந்த வாய்பாட்டில் அடக்குவது என்ற கேள்வியை முதன் முதலில் எதிர்கொண்டவர்களில் பிஷரும் ஒருவர். 1923-ம் ஆண்டுக் கட்டுரை பன்னிரண்டு உருளைக்கிழங்கு ரகங்களைப் பற்றியது. நல்ல ரகம் எந்த நிலத்திலும் ஒரே அளவு கூடுதலாகத் தருமா, நிலத்துக்கு ஏற்ற விகிதத்தில் கூடுதலாகத் தருமா? 30 மரக்கால் காணும் வயலிலும் 50 மரக்கால் காணும் வயலிலும் நல்ல ரகம் நான்கு நான்கு மரக்கால் கூட்டித் தந்தால் அது கூட்டல் முறை. பத்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் ஓரிடத்தில் 3, மற்றோர் இடத்தில் 5. அது பெருக்கல் முறை.

பிஷர் இரண்டையும் ஒரே விளைச்சல் கணக்கின் மேல் பொருத்திப் பார்த்தார். ரகத்துக்கு ரகம் உரத்தை ஏற்கும் விதம் மாறுகிறது என்று சொல்ல அந்தக் கணக்கில் போதிய ஆதாரம் இல்லை என்று கண்டார். அந்த முதல் முயற்சியில் மிச்சத்தைக் கணக்கிட்ட விதத்தில் அவரே சறுக்கியிருந்தார். பெரிய பாத்திக்குள் சிறிய பாத்தி அமைந்திருந்ததை அதில் கவனிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1925-ம் ஆண்டு நூலில், அதே கணக்கைத் திருத்திச் செய்து காட்டினார்.

கையால் கணக்கிட எளிதாக இருந்ததால் கூட்டல் முறையே பல பத்தாண்டுகளுக்கு எங்கும் நிலைத்தது. ஓர் ஊரில் ஒரு பூவில் நடக்கும் சோதனைக்கு அது போதும். பல ஊர்களில், பல ஆண்டுகளில் நடக்கும் சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது தடுமாறும்.

நண்பருடன் வழக்கு

பிஷரைச் சீட்டு விஷயத்தில் எதிர்த்தவர் பகைவர் அல்லர், நெடுநாள் நண்பர். டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுபானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வில்லியம் காஸெட் என்பவர் அவர். வாற்கோதுமை ரகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதில் கரை கண்டவர். நிறுவனத்தின் கட்டுப்பாட்டால், மாணவன் என்று பொருள்படும் புனைபெயரில் 1908-ல் அவர் வெளியிட்ட கட்டுரையே சிறு அளவுச் சோதனைகளின் கணக்குக்கு அடிக்கல்.

காஸெட்டின் வாதம் எளிமையானது. சீட்டு சில வேளை ஒரு ரகம் முழுவதையும் நல்ல நிலத்தின் பக்கம் தள்ளிவிடும். அதைவிட, இரு ரகங்களை அடுத்தடுத்த பட்டைகளாக மாற்றி மாற்றி விதைத்தால் நிலத்தின் வேற்றுமை தானே ஈடாகிவிடும் என்றார் அவர். அப்படிச் செய்தால் தவறு குறையலாம், ஆனால் எஞ்சிய தவறு எவ்வளவு என்பதை நேர்மையாக அளக்க முடியாது என்றார் பிஷர். வழக்கு முடியும் முன் 1937-ல் காஸெட் மறைந்தார். அவருடைய பெருமையை எடுத்துச் சொல்லி பிஷர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

உலகம் பெரிதும் பிஷர் பக்கம் சாய்ந்தது. ஆனால், காஸெட்டின் வாதமும் மடியவில்லை. நிலத்தை ஒத்த பகுதிகளாகப் பிரித்து ஈடு செய். அந்தப் பகுதிக்குள் சீட்டுப் போடு என்பதுதான் இன்று நடைமுறையில் உள்ள வழி. அடுத்த பாத்திகளின் விளைச்சலைக் கொண்டே ஒரு பாத்தியின் வளத்தை மதிப்பிடும் முறைகளும் பின்னர் வளர்ந்தன.

கல்கத்தாவில் வரவேற்பு

1920-களின் நடுப்பகுதியில், வங்காளத்தில் வயல் சோதனைகளின் பிழையைக் கணக்கிட முயன்றுகொண்டிருந்தார் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அந்த ஆராய்ச்சியே அவரையும் பிஷரையும் சேர்த்து வைத்தது. 1931-ல் மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவினார். 1938 ஜனவரியில் அங்கு நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை வகிக்க பிஷர் கடல் கடந்து வந்தார். சோதனை ரகங்கள் மிகுதியாகிப் பகுதிகள் சிறியனவாக இருந்தால் எப்படி அமைப்பது என்ற சிக்கலை அவர் அங்கே எடுத்துச் சொன்னார். இளம் கணித மேதை ராஜ் சந்திர போஸ் அதில் ஈடுபட்டு, 1939-ல் உலகம் போற்றும் ஆராய்ச்சியை வெளியிட்டார். பிஷர் அதன் பின்னும் பல முறை இந்தியா வந்தார்.

நெல் ஆராய்ச்சி நம் நாட்டில் முன்பே வேரூன்றியிருந்தது. கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தோன்றியது. 1954-ல் பான்சே, சுகாத்மே என்ற இரு இந்திய நிபுணர்கள் விவசாய ஊழியர்களுக்கென்றே எழுதிய புள்ளி விவர நூல் வெளிவந்தது. அதன் பிறகு பிஷரின் முறை விவசாயக் கல்லூரி மாணவர்களின் பாடமாகவே ஆகிவிட்டது.

மேதையின் சறுக்கல்

விருதுகள் குவிந்தன. 1929-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர். 1933-ல் லண்டனிலும் 1943-ல் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியர். 1952-ல் சர் பட்டம். ஆனால், வீட்டில் அமைதி இல்லை. விமானப் படையில் இருந்த மகன் ஜார்ஜ் 1943-ல் உயிரிழந்தார். மனைவியோடும் பிரிவு நேர்ந்தது. முன்கோபம் பல நண்பர்களை விலக்கியது.

அதைவிடப் பெரிய சறுக்கல்கள் இரண்டு. மனிதரிலும் விதை பொறுக்குவது போல் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பொறுக்கலாம் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் இளமை முதலே ஆதரித்தார். பயிருக்கு அத்தனை நியாயம் பார்த்தவர், மனிதருக்கு அந்த நியாயத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, 1957-ம் ஆண்டு முதல் அவர் தொடுத்த புகையிலை வாதம். புகை பிடித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று வைத்தியர்கள் எச்சரித்தபோது, சீட்டுப் போட்டுச் செய்த சோதனை அன்று என்று கூறி அதை அவர் ஏற்க மறுத்தார். மனிதரைச் சீட்டுப் போட்டுப் புகை பிடிக்க வைக்க முடியுமா? அவரே புகை பிடிப்பவர். புகையிலைக் கம்பெனிகளின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். காலம் வைத்தியர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. சொந்த விருப்பம் குறுக்கிட்டால் மேதையும் கடைமடையைத் தலைமடை என்று நினைப்பார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆளைவிட முறை பெரிது

1959-ல் பிஷர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியேறினார். 1962-ம் ஆண்டு ஜூலை 29-ம் தேதி அங்கேயே காலமானார். அடுத்த ஆண்டில், அதே அடிலெய்டில் ஆராய்ச்சி செய்த பின்லே, வில்கின்சன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வோர் ஊரின் பொதுவான விளைச்சலை அளவுகோலாக வைத்து, எந்த ரகம் செழிப்பில் மட்டும் பொங்குகிறது, எது வறட்சியிலும் கைவிடாமல் தாங்குகிறது என்று பிரித்துக் காட்டும் முறை அது. 1980-களில், கூட்டலோடு பெருக்கலையும் சேர்க்கும் முறைகள் வயல் சோதனைகளில் பரவின. பிஷர் 1923-ல் தொட்டுவிட்டு நகர்ந்த கேள்விதான் கம்ப்யூட்டரின் துணையோடு திரும்பி வந்தது.

இந்த முறைகளில் எது சிறந்தது? அதற்கும் பரீட்சை உண்டு. சில பாத்திகளின் விளைச்சலை மறைத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் கொண்டு அவற்றை ஊகிக்கச் சொல்வார்கள். உண்மைக்கு மிக நெருங்கி வரும் முறைக்கே மதிப்பு. எந்த வாய்பாடும் எல்லா வயலுக்கும் ராஜா ஆகிவிட முடியாது. ஓர் ஊர்ச் சோதனைக்கு எளிய கூட்டலே வெல்லலாம். பல ஊர்ச் சோதனைக்கு வேறொன்று வெல்லலாம்.

பிஷர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரியின் உணவுக் கூடத்தில், அவர் நினைவாக லத்தீன் சதுரத்தை வண்ணக் கண்ணாடியில் பதித்த ஒரு சாளரம் 1989-ல் வைக்கப்பட்டது. அவருடைய இனக் கொள்கைக்கு எழுந்த எதிர்ப்பினால் 2020-ல் அது அகற்றப்பட்டது. ஆளுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை எடுத்துவிட முடிந்தது. முறையை எடுக்க முடியவில்லை.

நாகர்கோவிலுக்கு அருகே திருப்பதிசாரத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் நெல் வயல்கள் இருக்கின்றன. டி.பி.எஸ். 1 முதலான ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒரு புதிய நெல் உழவர் கைக்குப் போகும் முன், பகுதி பிரித்து, சீட்டு முறையில் இடம் ஒதுக்கி, பழைய ரகத்தின் பக்கத்தில் நட்டு, பல பூவிலும் பல ஊரிலும் எடை பார்த்த பிறகே வெளியிடப்படுகிறது. நாஞ்சில் நாட்டு விவசாயி பிஷரின் பெயரைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கடையில் விதை மூட்டை வாங்கும்போது அவன் பெறும் நம்பிக்கையில் நூறாண்டுக்கு முந்தைய ஓர் உருளைக்கிழங்கு வயலின் பங்கு இருக்கிறது. ஒரே பூவில் கண்டதை வைத்து ரகத்தைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம் என்பதே அந்த வயல் சொல்லும் பாடம்.